ஊசி போட்ட நெற்றியும் ஊரார் வாயும்

(பாளையங்கோட்டையில் பெண்கள் வாசிப்பு வட்டம் ஒன்றின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘இளமை ஊசிகள்: வரமா, சாபமா?’ என்று பட்டிமன்றத் தலைப்பு ஒன்றைக் கொடுத்துத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு வரமும் கொடுக்கத் தெரியாது, சாபமும் விடத் தெரியாது. கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஒரு சரக்கின் விலை எப்படி உண்டாகிறது, அதை யார் கொடுக்கிறார்கள், யார் கொடுக்க வைக்கிறார்கள் என்பதை மட்டும்தான் பேசப்போகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் ஊரார் வாய்க்குப் பயந்து முகத்தில் ஊசி போட்டுக்கொள்கிறாள். அப்புறம் அதே வாய்க்குப் பயந்து போட்டதை மறைக்கிறாள். மறைத்து வாங்குகிற சரக்குக்குப் பேரம் கிடையாது, ரசீது கிடையாது, கெட்டுப்போனால் போய்க் கேட்க வழியும் கிடையாது. இந்த ஊசியின் விலையையும் ஆபத்தையும் ஏற்றிவிடுவதில் நம்முடைய பேச்சுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

அழகுக்காக உடம்பை அலங்கரிப்பதும் மாற்றிக்கொள்வதும் இந்தத் தாமிரபரணிக் கரைக்கு ஒன்றும் புதிதில்லை. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது முதுமக்கள் தாழிகளோடு பொன்னாலான நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன. அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம். நம் ஆச்சிமார் காதை நினைத்துப் பாருங்கள். பெண் பிள்ளை பிறந்து கொஞ்ச நாளிலேயே காதைக் குத்தி, பஞ்சைத் திணித்துத் துளையைப் பெரிதாக்கி, ஈயக் குணுக்கை மாட்டிவிடுவார்கள். எடை இழுக்க இழுக்கக் காது தோளை நோக்கி இறங்கும். அந்தத் துளையில்தான் பாம்படமும் தண்டட்டியும் முடிச்சும் ஏறும். வளர்க்காத காதோடு ஒருத்தி நின்றால் மூளி என்று பேசிய காலம் அது. 1906-இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்திய இனவியல் குறிப்புகளில் இந்தக் காது வளர்ப்பு பதிவாகியிருக்கிறது.

பிறகு காலம் திரும்பியது. மிஷனரிகள் அது அநாகரிகம் என்றார்கள். பள்ளிக்கூடம் போன பேத்திமார் தொங்குகிற காதைப் பட்டிக்காட்டு அடையாளம் என்று கூசினார்கள். எந்தக் காதை வளர்க்கப் பச்சைப் பிள்ளையில் வலி பொறுத்தார்களோ, அதே காதை வெட்டித் தைத்துக் கம்மல் போட்டுக்கொண்டார்கள். ஆகவே நம் ஊர்ப் பெண் அழகுக்காக மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்தது பொடாக்ஸ் என்ற பெயரைக் கேள்விப்படுவதற்கு வெகுகாலம் முன்பே நடந்துவிட்டது. வளர்த்தபோதும் வலி அவளுக்கு, வெட்டியபோதும் வலி அவளுக்கு. அளவுகோலை மாற்றியவர்கள் ஒரு துளி ரத்தமும் சிந்தவில்லை.

ஆனால் பொருளாதாரக்காரியாக நான் ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். பாம்படம் சொத்து. உள்ளே அரக்கு எவ்வளவு, மேலே பொன் எவ்வளவு என்று ஆசாரி உரைத்துப் பார்த்துச் சொல்வார். மகள் கல்யாணத்துக்கு அடகுக்குப் போகும், வயலுக்கு மோட்டார் வைக்க விற்கப்படும். அதோடு, காது நீள நீள அந்தப் பெண்ணுக்கு வீட்டில் மூத்தவள் என்ற மரியாதையும் ஏறியது. வயதைக் காட்டித்தான் அவள் மதிப்பு வாங்கினாள். இன்றைக்கு வயதை மறைத்துத்தான் மதிப்பு வாங்க வேண்டியிருக்கிறது. நெற்றியில் போட்ட ஊசியை எந்த அடகுக் கடையிலும் வைக்க முடியாது. நான்கு மாதத்தில் அது கரைந்துபோகும்.

அந்த மருந்து என்ன என்று கொஞ்சம் தெரிந்துகொள்வோம். தெரியாத சரக்குக்கு விலை பேச முடியாதல்லவா? அதன் கதை ஒரு விஷத்தில் தொடங்குகிறது. ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் கெட்டுப்போன ரத்தத் தொத்திறைச்சியைத் தின்று ஜனங்கள் செத்தார்கள். யூஸ்டினஸ் கெர்னர் என்ற மருத்துவர் 1817-இலிருந்து 1822 வரை அதை ஆராய்ந்து எழுதினார். அவர் கவிஞரும்கூட. இந்த விஷத்தையே ஒருநாள் மருந்தாக்கலாம் என்று அப்போதே ஊகித்தவர் அவர். 1895-இல் பெல்ஜியத்தில் எல்லெசெல் என்ற கிராமத்தில் ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்கப்போன மேளக்காரர்கள் பன்றித்தொடைக் கறி தின்று விழுந்தார்கள், சிலர் இறந்தார்கள். அந்தக் கறியிலிருந்துதான் எமில் வான் எர்மெங்கம் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். இன்று அதன் பெயர் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம்.

அது சுரக்கும் நஞ்சுதான் பொடாக்ஸ் ஊசியின் மருந்து. அது, நரம்பு தசைக்கு ‘சுருங்கு’ என்று கட்டளையிடும் ரசாயனத்தைத் தடுத்துவிடுகிறது. சான் பிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர் இதை மிகமிகச் சிறிய அளவில் மாறுகண்ணைச் சரிசெய்யப் பயன்படுத்தினார். 1989-இல் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கனடாவின் வான்கூவரில் ஜீன் கரதர்ஸ் கண் மருத்துவர், அவர் கணவர் அலஸ்டர் தோல் மருத்துவர். இமைத் துடிப்புக்கு ஊசி போட்ட நோயாளிக்குப் புருவத்துக்கு நடுவிலிருந்த கோடு மறைவதை 1987-இல் கவனித்தார்கள். 1992-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 2002 ஏப்ரலில் அந்தக் கோட்டுக்கென்றே அமெரிக்க அனுமதி வந்தது. அதற்குப் பிறகுதான் இது உலகச் சந்தை.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த ஊசி வயதை நிறுத்துவதில்லை. முகத்தைச் சுருக்கும் தசையைச் சில மாதம் சும்மா இருக்கச் செய்கிறது, அவ்வளவுதான். கார் பருவத்திலும் பிசானப் பருவத்திலும் வயலில் குனிந்து நட்ட பெண்ணின் கன்னத்தில் வெயில் போட்ட சுருக்கத்துக்கு இது மருந்தாகாது. ‘ஃபில்லர்’ என்பது வேறு. வற்றிய கன்னத்திலும் உதட்டிலும் பெரும்பாலும் ஹைலூரானிக் அமிலம் என்ற கூழை ஏற்றி நிரப்புவது. அதுவும் ஓராண்டு முன்னப்பின்னக் கரைந்துவிடும்.

இனிக் கணக்குக்கு வருவோம். நம் ஊர் வண்ணாரப்பேட்டையிலிருந்து ஹைகிரவுண்டு வரை தோல், முடி, அழகு என்று எழுதிய பலகைகளை நீங்களே பார்க்கிறீர்கள். பொட்டுலினம் ஊசிக்கு யூனிட் கணக்கில்தான் விலை. ஒரு யூனிட்டுக்கு 250 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை கேட்கிறார்கள். கம்பெனியைப் பொறுத்தும் மருத்துவரைப் பொறுத்தும் மாறும். நடுவில் 350 என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் அங்கீகரித்த அளவின்படி புருவ நடுவுக்கு 20 யூனிட், நெற்றிக்கு 20, இரண்டு கண்ணோரத்துக்கும் சேர்த்து 24. ஆக 64 யூனிட், 22,400 ரூபாய். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. உண்டு; அதைச் சேர்க்காமலே கணக்குப் போடுவோம்.  நான்கு மாதத்துக்கு ஒருமுறை என்றால் வருஷத்துக்கு 67,200 ரூபாய். நாற்பது வயதில் ஆரம்பித்து ஐம்பத்தைந்து வரை போட்டால் 10 லட்சத்தைத் தாண்டுகிறது. எல்லாருக்கும் அத்தனை யூனிட் போடமாட்டார்கள் என்பது சரிதான். பாதி போட்டாலும் ஐந்து லட்சம். ஃபில்லர் தனிக் கணக்கு. ஒரு மில்லி சிரிஞ்சே பத்தாயிரங்களில்தான் ஆரம்பிக்கும். முதல் ஊசிக்குச் சலுகை தருவார்கள், இ.எம்.ஐ. தருவார்கள், கல்யாண ‘பேக்கேஜ்’ தருவார்கள். முதல் ஊசியின் விலையைப் பார்த்து முடிவெடுக்கிறவர்கள் பதினைந்து வருஷத்தின் விலையைப் பார்ப்பதில்லை.

அந்த ஜி.எஸ்.டி.யிலும் ஒரு செய்தி இருக்கிறது. மருத்துவச் சேவைக்கு வரி விலக்கு உண்டு. அழகு சிகிச்சைக்குக் கிடையாது. பிறவிக் குறையையோ விபத்துக் காயத்தையோ சீர்செய்வதாக இருந்தால்தான் விலக்கு. மருத்துவக் காப்பீடும் இதற்குப் பணம் தராது. ஒரே மருந்து மாறுகண்ணுக்குப் போனால் வைத்தியம், நெற்றிக்குப் போனால் ஆடம்பரம். சட்டத்தின் பார்வையில் அது சரியாகவே இருக்கட்டும். அந்த ஆடம்பரத்தை அவள் ஏன் தேடிப்போனாள் என்று எந்த வரிச் சீட்டிலும் எழுதியிருக்காது. அதை நாம்தான் பேச வேண்டும்.

ஒரு கல்யாண வீட்டில் நுழைகிறோம். பந்தலில் கால் வைத்ததும் என்ன கேட்கிறார்கள்? “மைனி, என்ன இப்பிடித் தளந்துட்டிய, சுகர் இருக்கா?” “ஏளா, ஒன் வீட்டுக்காரர விட நீதாம்ளா மூத்தவ மாரி இருக்க.” இதை அன்பு என்றே நினைத்துச் சொல்கிறோம். அதே வயதில், அதே பந்தலில், நரைத்த மீசையோடு வருகிற அண்ணாச்சியிடம் “மூஞ்சி ஏன் சுருங்கிப்போச்சு?” என்று யாராவது கேட்டதுண்டா? பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சிமார் சிரிக்கிறார்கள். கேட்டதில்லை என்று அர்த்தம்.

சினிமாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. ரஜினிகாந்த் 1950-இல் பிறந்தவர். மேடைக்கு வழுக்கைத் தலையோடும் வெள்ளைத் தாடியோடும் வருகிறார்; அதை எளிமை என்று கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். அந்தச் சலுகையை நாம் எந்த நடிகைக்குக் கொடுத்திருக்கிறோம்? 2020-இல் ஸ்ருதி ஹாசன் தன் முகத்துக்கு அழகுச் சிகிச்சை செய்துகொண்டதை வெளிப்படையாகவே சொன்னார். உடம்பு மெலிந்தாலும் பெருத்தாலும் அவரைப் பற்றி ஊர் பேசிய பேச்சுக்குப் பதிலாகத்தான் அதைச் சொன்னார். வயது தெரிந்தால் ‘கிழவி’, தெரியாமல் பார்த்துக்கொண்டால் ‘பிளாஸ்டிக்’. இரண்டு பக்கமும் அடி.

வேலையிடத்திலும் இதுதான். ஏர் இந்தியாவில் ஒரு காலத்தில் ஆண் ஊழியர் 58 வயது வரை விமானத்தில் வேலை பார்க்கலாம். பணிப்பெண் 35 வயதில் இறங்கிவிட வேண்டும். நிர்வாகம் மனசு வைத்தால் 45. முதல் கர்ப்பத்திலேயே வேலை போய்விடும் என்றும் விதி இருந்தது. நர்கேஷ் மீர்சா வழக்கில் 1981-இல் உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியையும், நீட்டிப்பை நிர்வாகத்தின் இஷ்டத்துக்கு விட்ட விதியையும் ரத்து செய்தது. அந்த வித்தியாசத்தை விதிப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்கள், அதனால் வழக்குப் போட முடிந்தது. நம் டவுன் ஜவுளிக் கடையிலும் வரவேற்பு மேசையிலும் இளைய முகம்தான் வேண்டும் என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. கடையில் நிற்கும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை போடவே 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. நாற்பதைத் தாண்டிய முகத்துக்கு இடம் கொடு என்று யார் சட்டம் போடுவார்கள்? ஆகவே நெற்றிக்குப் பணம் செலவழிக்கிற பெண்ணை வெறும் பகட்டுக்காரி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சிலர் ஆசைக்காகச் செய்கிறார்கள், அது அவர்கள் உரிமை. சிலர் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளக் கட்டுகிற கப்பம் அது.

கப்பம் கட்டவும் முடியாதவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் ஆலங்குளத்திலும் கடையத்திலும் பெண்கள் வாசலில் உட்கார்ந்து முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். ஒரு நாள் முழுக்கக் குனிந்து ஆயிரம் பீடி சுற்றினாலும் கையில் வருவது சில நூறு ரூபாய். பத்தமடையில் நெய்கிற கோரைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. நெய்கிறவர்களின் கழுத்துவலிக்கும் முதுகுவலிக்கும் விடிவில்லை. நான் சொன்ன 22,400 ரூபாய் இவர்களுக்குப் பல மாதச் சம்பாத்தியம். இளமையான முகம் என்பது பெண்ணின் தகுதி என்று ஊர் ஏற்றுக்கொண்டால், அந்தத் தகுதியைக் காசு உள்ளவள் வாங்கிக்கொள்வாள். இல்லாதவள் ஐம்பதில் எழுபது என்று பேச்சு வாங்குவாள். ஒரு காலத்தில் பீடி சுற்றத் தெரியும் என்பதே பெண் பார்க்கும்போது தகுதியாக இருந்த ஊர்கள் இவை. உழைப்பைப் பார்த்த கண் இப்போது தோலைப் பார்க்கிறது.

காசு இல்லாதவளுக்கும் ஆசை உண்டு, நிர்ப்பந்தமும் உண்டு. அங்கேதான் மலிவுச் சரக்கு நுழைகிறது. பொட்டுலினம் ஊசி மருத்துவரின் பொறுப்பில் மட்டுமே போட வேண்டிய மருந்து. பியூட்டி பார்லரில் போடுகிற சங்கதி அல்ல. 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். உப்பு நீரில் கரைத்துத்தான் போடுவார்கள். அதிகம் தண்ணீர் கலந்தால் யூனிட் குறையும், நமக்குக் கண்ணால் தெரியாது. இடம் தவறினால் இமை தொய்ந்துபோகும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவர்களும் தசைச் சோர்வு நோய் உள்ளவர்களும் பக்கத்திலேயே போகக் கூடாது. ஃபில்லர் தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், கண் பார்வைகூடப் போகலாம். அதைக் கரைக்கும் ஹைலூரானிடேஸ் மருந்து கைவசம் இல்லாத இடத்தில் ஃபில்லர் போடுவதே தப்பு. நிறம் வெளுக்க என்று விற்கிற குளூட்டாதயோன் ஊசிக்கு அந்தக் காரியத்துக்கு அங்கீகாரமே கிடையாது.

பணக்கார நாட்டில் இதெல்லாம் நடக்காது என்று நினைக்காதீர்கள். 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் போலி ஊசியாலும் முறைகெட்ட இடங்களில் போட்ட ஊசியாலும் 11 மாநிலங்களில் 22 பேர் பாதிக்கப்பட்டதாக அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் அறிவித்தது. 22 பேரும் பெண்கள். 11 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். 2021 ஏப்ரலில் சென்னையில் நடிகை ரைசா வில்சன், தோல் சிகிச்சைக்குப் பிறகு கண்ணுக்குக் கீழே வீங்கிப்போன தன் முகத்தைப் படம் எடுத்து வெளியிட்டார். சிகிச்சையில்தான் தவறு என்றார் அவர். மருத்துவர் தரப்பு அதை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. நான் பார்ப்பது வேறு. ஒரு நடிகை துணிந்து முகத்தைக் காட்டியதால் அது விவாதமாவது ஆயிற்று. பாளையங்கோட்டையில் ஒரு ஆசிரியைக்கு முகம் வீங்கினால் அவர் என்ன செய்வார்? ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு ‘பல் எடுத்தேன்’ என்பார். வீட்டுக்குத் தெரியாமல் போட்டிருப்பார், ஆகையால் பில் வாங்கியிருக்கமாட்டார். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போயிருந்தால் திரும்பப் போய்க் கேட்கவும் முடியாது.

மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று வி.பி. சாந்தா வழக்கில் 1995-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் யாரும் மனு கொடுக்கலாம். ரசீது இல்லாத மனுவை எதை வைத்து நிரூபிப்பது? சட்டம் திறந்து வைத்த கதவை வெட்கம் சாத்துகிறது. அந்த வெட்கம் அவள் பெற்றதல்ல, நாம் கொடுத்தது.

‘நீங்கள் ஊசிக்கு ஆதரவா, எதிர்ப்பா?’ என்று கேட்பீர்கள். அறுபதைத் தாண்டியவள் நான். போட்டுக்கொள்ளவில்லை, போட்டுக்கொண்டவரைக் குறை சொல்லவும் இல்லை. என் மாணவி ஒருத்தி வந்து கேட்டால் நான்கு விஷயம் சொல்வேன். முதலில் பதினைந்து வருஷக் கணக்கைப் போட்டுப் பார், ஒரு ஊசியின் கணக்கை அல்ல. அந்தப் பணத்தில் உன் பேரில் என்ன சொத்து சேரும் என்றும் பார். இரண்டாவது, மருத்துவரின் பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் சரிபார். அந்த இடத்துக்கு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேள். மூன்றாவது, குப்பியை உன் கண் முன்னால் திறக்கச் சொல். கம்பெனி பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி, எத்தனை யூனிட் என்பதெல்லாம் பில்லில் வரவேண்டும். நான்காவது, கூட ஒரு ஆளைக் கூட்டிப்போ. தனியாக, ரகசியமாகப் போகாதே. இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற இடம் என்றால் எழுந்து வந்துவிடு. வெயிலில் குடையும், புகையிலை இல்லாத மூச்சும், தேவைப்பட்டால் ஒரு சன்ஸ்கிரீனும் சருமத்துக்குச் செய்கிற நன்மையை எந்த ஊசியும் செய்யாது என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

இது அவளுக்கு. உங்களுக்கும் எனக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு; அதற்குக் காலணாச் செலவில்லை. அடுத்த மாதம் கல்யாண வீடு வரும், சடங்கு வீடு வரும், கோயில் கொடை வரும். அங்கே எதிரே வருகிற பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் இளைத்தது, கறுத்தது, சுருங்கியது என்று பேச்சைத் தொடங்காதீர்கள். என்ன வேலை பார்க்கிறாய், என்ன படிக்கிறாய், உடம்புக்குச் சுகமா என்று கேளுங்கள். ஊசி போட்டுக்கொண்டவள் இருந்தால் சிரிக்காதீர்கள். எங்கே போட்டாய், எவ்வளவு ஆயிற்று, பில் கொடுத்தார்களா என்று கேளுங்கள். அவள் வாய்விட்டுச் சொன்னால்தான் அடுத்தவள் ஏமாறாமல் இருப்பாள். கம்பெனிக்காரன் விலையை நம்மால் இன்றைக்கே குறைக்க முடியாது. நம் வாயால் ஏற்றிவிட்ட விலையை இன்றைக்கே குறைக்கலாம். அதை இந்தக் கூட்டத்திலிருந்தே ஆரம்பியுங்கள்.